ஊசி குத்திய பிறகு நான் வீணாக்கிய 65 மணித்தியாலம்

2022 ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணி. ஹட்டன் டவுனில் ஒரு தனியார் மெடிக்கல் சென்டரில் டொக்டருக்கு உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். வெளியே மழை. கரண்ட் போய் எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று வந்த ஒரு அண்ணனுக்கு எஃப்.பி.சி. என்கிற இரத்த அணுக்கள் எண்ணும் டெஸ்ட் பார்க்க இரத்தம் எடுத்தேன். குப்பியில் நிரப்பிவிட்டு, எட்டு மாதமாகச் செய்து வந்ததுபோலவே இடது கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியை அதற்குள் செருகினேன். ஊசி மூடியின் விளிம்பில் வழுக்கி இடது சுட்டுவிரலில் ஏறிவிட்டது. கிளவுஸுக்குள்ளே சிவப்பாக ஒரு பொட்டு விரிந்துகொண்டே போனது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்கு அப்போது 22 வயது. ஏ.எல். முடித்து, ஆறு மாத கோர்ஸ் ஒன்று படித்து, சான்றிதழும் கையுமாகச் சேர்ந்த முதல் வேலை. அந்தக் கோர்ஸில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பின்னேரம். சேர் நோட்ஸ் வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். ஊசி குத்தினால் என்ன செய்வது என்று அந்த நோட்ஸில் இருந்ததா என்று பிறகு தேடிப் பார்த்தேன். ஒரு வரி இருந்தது: "உடனடியாக அறிவிக்க வேண்டும்." யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்குள் என்று ஒன்றும் இல்லை. இந்த வேலைக்குப் போகிற தங்கச்சிமார், தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சமாகியிருக்கும்.

முதலில் செய்த பிழையே பெரிய பிழை. கிளவுஸைக் கழற்றி, விரலை நசுக்கி நசுக்கி இரத்தத்தை வெளியே எடுத்தேன். பிறகு டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினேன். எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்தேன். நசுக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது, காரமான மருந்து எதையும் ஊற்றக் கூடாது, அது சதையைத்தான் கெடுக்கும். குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். கண்ணிலோ வாயிலோ இரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரால் அல்லது சேலைனால் நன்றாக அலச வேண்டும். கழுவி முடித்ததும், எத்தனை மணிக்குக் குத்தியது என்று எழுதி வையுங்கள். குத்திய நிமிடத்திலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பொறுப்பானவரிடம் சொன்னேன். "சின்னக் குத்துதானே, ஒண்ணும் ஆகாது. ஆளுங்ககிட்ட சொல்லிக்கிட்டுத் திரியாத, நம்ம பேருதான் கெடும்" என்றார். அவர் மேல் இப்போதும் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி வாயை மூடிக்கொண்ட என் மேலும் இருக்கிறது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அண்ணனே ரிப்போர்ட் வாங்க வந்தார். என் கையால்தான் கவரைக் கொடுத்தேன். "காய்ச்சல் விட்டிருச்சு தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை, "அண்ணே, நேற்று உங்களுக்குப் போட்ட ஊசி என் கையில் குத்திவிட்டது, நீங்கள் ஒரு டெஸ்ட் செய்ய முடியுமா" என்று கேட்டிருந்தால் போதும். பெரும்பாலான மனிதர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேடியபோது அவர் கொழும்புப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்று மட்டும் தெரிந்தது. எங்கள் புத்தகத்தில் அவருடைய பெயரும் வயதும் இருந்தன, போன் நம்பர் இல்லை. நம்பர் எழுதும் வேலை என்னுடையதுதான். கூட்டம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பத்து இலக்கம் எழுதியிருந்தால், அவருடைய டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், பின்னால் நான் விழுங்கிய மாத்திரைகள் பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாருக்கும் தெரியாமல் வேறொரு லேபுக்குப் போனேன். எச்.ஐ.வி., ஈரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் சேர்த்து 9,500 ரூபா. அம்மா சீட்டுக்காக வைத்திருந்த காசு. அப்போது கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான், அதாவது முழுநாள் வேலை என்று பதிந்தால்தான். அட்டைக்கடியிலும் மழையிலும் அம்மா ஒன்பதரை நாள் மலையில் நின்ற காசை ஒரு கவுண்டரில் வைத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நெகட்டிவ். வீட்டுக்கு வரும் வழியில் கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

அந்த நெகட்டிவ் எதைச் சொன்னது தெரியுமா? ஊசி குத்துவதற்கு முன்பு என் உடம்பில் இந்த நோய்கள் இல்லை என்று மட்டும் சொன்னது. குத்தியதால் ஏதாவது வந்ததா என்பது அடுத்த நாள் டெஸ்டில் தெரியவே தெரியாது, அதற்குக் கிழமைக் கணக்கு, மாதக் கணக்கு ஆகும். முதல் டெஸ்ட் தேவைதான், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. ஆனால் அதை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் செலவில்லாமல் செய்திருக்கலாம். நிம்மதியை 9,500 ரூபாவுக்கு வாங்கினேன், அந்த நிம்மதியும் ஆறு மணித்தியாலம்தான் நீடித்தது.

புதன் இரவு, பேராதனையில் தாதியாக வேலை செய்கிற என் பெரியப்பா மகள் வேறு ஏதோ விஷயமாகப் போன் எடுத்தாள். பேச்சுவாக்கில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தனை மணிக்குக் குத்திச்சு? சரியாச் சொல்லுடி" என்றாள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தால் முதல் சில மணித்தியாலத்துக்குள்ளேயே, அதற்குப் பிறகு கொடுப்பதில் பயன் இல்லை என்று அவள்தான் சொன்னாள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை ஒரு நாளுக்குள் போடுவது நல்லது, அது தாண்டிவிட்டது, ஆனாலும் போ என்றாள். அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அழுகிற சத்தம், தகரத்தில் மழை, சுவரில் கடிகாரம்.

டிக்கோயா ஆஸ்பத்திரி கிட்டத்தான். ஆனால் எங்கள் டிவிஷனில் பாதிப் பேர் அங்கே போகிறவர்கள். என்னை யாராவது பார்த்து, எதற்கு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில் நுவரெலியாவுக்குப் போக முடிவு செய்தேன். டீசல் இல்லாத காலம் அது. வியாழக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன், ஏழே முக்காலுக்குத்தான் ஒரு பஸ் வந்தது. தலவாக்கலை, நானுஓயா என்று நின்று நின்று போய், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி பத்து. 65 மணித்தியாலம். இன்னும் ஏழு மணித்தியாலம் தாமதித்திருந்தால் கதவு மூடியிருக்கும். வெட்கத்துக்காக நாலரை மணித்தியாலத்தைச் செலவழித்துத் தூரப் பயணம் போனது எவ்வளவு புத்தி கெட்ட வேலை என்று இப்போது நினைக்கிறேன். ஊசி குத்தினால் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போங்கள். என்ன செய்ய வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

என்னைப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். பெயரைப் பார்த்ததுமே கால் நடுங்கியது. உள்ளே போனால், இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. டொக்டர் கேட்ட கேள்விகளை அப்படியே சொல்கிறேன், நீங்கள் பதிலை எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சம்: எத்தனை மணிக்கு, எந்த வகை ஊசி, உள்ளே துளை உள்ளதா, இரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, எவ்வளவு ஆழம், கிளவுஸ் இருந்ததா, நோயாளி யார், ஹெபடைட்டிஸ் பி ஊசி எத்தனை போட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஒன்றுகூடப் போடவில்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளோடு ஹெபடைட்டிஸ் பி சேர்ந்தது 2003இல். நான் அதற்கு முன் பிறந்தவள். வேலைக்குச் சேரும்போதும் யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்த தாதி மிஸ் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவருடைய ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். ஹெபடைட்டிஸ் சி என்றால் 100இல் 2 பேர் அளவில், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000 பேரில் 3. "நீங்க எதுக்குப் பயந்து ஓடி வந்தீங்க, எதுக்குப் பயந்திருக்கணும், பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் மூன்று இரவு எச்.ஐ.வி. என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரிய ஆபத்துக்கு மூன்று ஊசியில் முடிகிற பாதுகாப்பு இருந்திருக்கிறது, அதை வேலைக்குச் சேரும் முன்பே போட்டிருக்கலாம்.

நோயாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாததாலும், ஆழமாகக் குத்திய துளையுள்ள ஊசி என்பதாலும் மாத்திரை தொடங்கலாம் என்று டொக்டர் முடிவெடுத்தார். 28 நாள், ஒரு நாளும் விடக் கூடாது. அன்றைக்கே ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசியும் போட்டார்கள். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். மாத்திரை, டெஸ்ட் எல்லாம் இலவசம். எனக்கு ஆன செலவு பஸ்காசும், இழந்த நாளும்தான்.

அந்த 28 நாள் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தது. சோற்று வாசம் ஆகவில்லை, தலை பாரம். வேலையிடத்தில் லீவு கேட்டேன், "அப்படீன்னா நின்னுக்கோ" என்றார்கள். மாதம் 22,000 ரூபாச் சம்பளம் போனது. அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது, அதற்குள் என் தோடு அடகுக்குப் போய்விட்டது. ஆனால் எல்லாவற்றையும்விட வீட்டில் நான் நடந்துகொண்ட விதம்தான் இப்போதும் நெஞ்சைக் குத்துகிறது. என் கோப்பை, தட்டு, துவாய் எல்லாவற்றையும் தனியாக வைத்தேன். அக்காவுடைய சின்ன மகள் மடியில் ஏற வந்தபோது தள்ளிவிட்டேன். பிள்ளை அழுதுகொண்டே இஸ்தோப்புக்குப் போனாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஊசிக்குப் போனபோது இதை மிஸ்ஸிடம் சொன்னேன். இந்த நோய்கள் தட்டிலும் கோப்பையிலும் மடியில் வைப்பதிலும் பரவாது என்று சொல்லித் திட்டினார். தவிர்க்க வேண்டியது இரத்த தானம், பிளேடும் பல் பிரஷும் பகிர்வது, கணவன் மனைவியாக இருந்தால் டெஸ்ட் முடியும்வரை ஆணுறை. இவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். "இதையா இத்தனை நாளா ஒண்டியா வச்சிருந்த?" என்றார்.

அதே ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு மிஸ் இருக்கிறார். அவரிடம் அரை மணித்தியாலம் உட்கார்ந்தேன், ஆறு மாதக் கோர்ஸில் கிடைக்காதது கிடைத்தது. ஒரு நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக ஒரு சங்கிலிபோல ஆறு கண்ணி வேண்டுமாம்: கிருமி, அது குடியிருக்கும் இடம், வெளியே வரும் வழி, பயணம் செய்யும் முறை, உள்ளே போகும் வழி, எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு ஆள். எல்லாவற்றையும் அறுக்கத் தேவையில்லை, ஏதோ ஒன்றை அறுத்தால் போதும். "உங்க கையால எந்தக் கண்ணிய அறுக்கலாம்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்க" என்றார். பிறகு, என் வேலை நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே வயிற்றைக் கலக்கியது.

சீனி வருத்தக்காரர் ஒரு அம்மாவின் கால் புண்ணுக்கு மருந்து கட்டுவேன். அதே கிளவுஸோடு கதவைத் திறப்பேன், புத்தகத்தில் எழுதுவேன், போன் அடித்தால் எடுப்பேன். கிளவுஸ் தட்டுப்பாடான அந்த நாட்களில் ஒரு சோடியை மேலே ஸ்பிரிட் தடவி அடுத்த ஆளுக்கும் போட்டிருக்கிறேன். கிளவுஸ் என் கையைக் காத்தது, மற்ற எல்லோருக்கும் புண்ணின் கிருமியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு சோடி. கழற்றியதும் கை கழுவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், கழற்றும்போதும் கையில் படும். சவர்க்காரம் என்றால் 40 முதல் 60 செக்கன், அல்கஹோல் திரவம் என்றால் கை காயும்வரை 20 முதல் 30 செக்கன் தேய்க்க வேண்டும். எங்கள் மலைப் பக்கத்தில் டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு விறைக்கும். அதனாலேயே நாங்கள் பலர் விரல் நுனியை நனைத்துவிட்டு வந்துவிடுவோம். சுடுதண்ணீர் வேண்டும் என்றில்லை, சவர்க்காரமும் தேய்ப்பதும்தான் வேலை செய்கிறது என்றார். குளிர் தாங்காவிட்டால் அல்கஹோல் திரவம் போதும், ஆனால் கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால், வாந்தி வயிற்றோட்டக்காரரைத் தொட்டிருந்தால், தண்ணீரும் சவர்க்காரமும்தான்.

குளிர் என்றதும் இன்னொன்று. எங்கள் காத்திருக்கும் அறையில் ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். மூன்று கிழமையாக இருமுகிற தாத்தாவும், நெபுலைசர் பிடிக்க வந்த கைக்குழந்தையும் ஒரே வாங்கில். சயரோகக் கிருமி காற்றில் நெடுநேரம் மிதக்கும். இருமுகிறவருக்கு ஒரு சாதாரண மாஸ்க் கொடுத்து, ஜன்னல் பக்கம் தனியாக உட்கார வைத்து, மற்றவர்களுக்கு முன்பே உள்ளே அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளி பரிசோதிக்க அனுப்ப வேண்டும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், தயவுசெய்து.

இன்னொன்றைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. திருவிழாக் காலத்தில் ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் சீனி பார்க்கும் முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். விரலில் குத்துகிற பேனா ஒன்றுதான். உள்ளே ஊசியை மாற்றினேன், பேனாவின் முனையை யாருக்கும் மாற்றவில்லை, துடைக்கவும் இல்லை. ஒரு பேனாவைப் பல பேருக்குப் பயன்படுத்தி ஹெபடைட்டிஸ் பி பரவியது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அந்தக் கிருமி காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் போதும். முகாம் என்றால் ஒருமுறை குத்தித் தானாகவே உள்ளிழுத்துக்கொள்கிற ஊசிகள் மட்டும்தான். அது இல்லை என்றால் முகாமை நடத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற முகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. எல்லோரும் எங்கள் சனம்.

வேலைக்குச் சேரும் முன் என்ன கேட்பது என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். பாவித்த ஊசியைக் கழிக்கிற பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். தடித்த, குத்தினால் ஓட்டை விழாத பெட்டி, ஊசி போடும் இடத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் மூட வேண்டும். எங்களுடையது மூடி வெட்டிய தண்ணீர்ப் போத்தல், அதுவும் அடுத்த அறையில். அதனால்தான் நான் மூடியைத் திருப்பிப் போடப் பழகினேன். ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடவே கூடாது. பிறகு பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். இரத்தக் குப்பிக்குப் பக்கத்தில் சோத்துப் பார்சல் இருந்தால் அந்த இடத்தில் வேறெதுவும் ஒழுங்காக இருக்காது. தரையில் இரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். துடைப்பத்தால் இழுத்துவிடுவோம் என்றால் அது பரப்புகிற வேலை. கிளவுஸ் போட்டு, துணியால் ஒற்றி எடுத்து, 5 வீதக் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது சக்தி இழந்திருக்கும். கழிப்பறை கழுவுகிற அசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

ஆறு கிழமையில் ஒரு டெஸ்ட், மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. எல்லாம் நெகட்டிவ். 2023 ஜனவரியில் மூன்றாவது ஊசி, மார்ச்சில் எதிர்ப்புச் சக்தி பார்த்தார்கள். 10 இருந்தால் போதுமாம், எனக்கு 100க்கு மேல். இப்போது பண்டாரவளைப் பக்கம் வேறொரு இடத்தில் வேலை செய்கிறேன். இங்கே கழுவுதொட்டிக்கு மேலே, குத்தினால் எங்கே போக வேண்டும், யாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று நானே கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் புதிதாக ஒரு தங்கச்சி சேர்ந்தாள். முதல் நாள் அவளுக்கு ஊசி பிடிக்கக் கொடுக்கவில்லை, தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இரண்டாவது ஊசி வருகிற 12ஆம் திகதி. அன்றைக்கு எனக்கும் அரைநாள் லீவு எடுத்து வைத்திருக்கிறேன்.